மிச்சமிருந்த மூன்றில் ஒரு பங்கு

முப்பத்தொரு வருடம் நான் ஒரே ஒரு கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. இரண்டு முழ நீளம். மைசூரில் நம் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஓர் எஃகு உருளைக்குள் அது தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு சின்னத் தட்டு. தட்டின் ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் அலுமினியம், இரண்டும் ஒரே எடை. அந்தக் கம்பி எவ்வளவு திருகுகிறது என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

இப்போது அந்த அடித்தளம் உங்களுடையது. எனக்கு வழியனுப்பு விருந்து கொடுத்த அன்று, புதிதாகச் சேர்ந்த நீங்கள் நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "இத்தனை வருஷத்துல நீங்க எடுத்த கஷ்டமான முடிவு எது மேடம்?" என்று கேட்டீர்கள். கேசரிபாத் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். தெளிவான பாடம் ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியும். நான் செய்தது சரியா என்று கேட்டால் காலையில் ஒரு பதில் தோன்றுகிறது, சாயங்காலம் வேறொன்று.

முதலில் நம் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை உங்கள் வீட்டாரும் படிக்கட்டும் என்பது என் ஆசை.

பக்கத்துப் பெண்கள் விடுதியின் காப்பாளர் ஸ்டெல்லாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் சபைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது கேட்டாள்: "கிரேஸ் அக்கா, கரும்பொருள் கரும்பொருள்னு சொல்றீங்களே, அது என்ன பேய் பிசாசு மாதிரியா?"

"பேய் இல்லை ஸ்டெல்லா. உன் விடுதியில இருபது பிள்ளைங்கதான் கண்ணுக்குத் தெரியுறாங்க, ஆனா நூறு பேர் சாப்பாடு தினமும் காலியாகுதுன்னு வெச்சுக்கோ. நீ என்ன நினைப்பே?"

"சமையல்காரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறான்னு நினைப்பேன்."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னதும் ஒரு கட்சிதான். விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் இருக்க வேண்டியதைவிட வேகமாகச் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அந்த வேகத்துக்குப் போதாது. தெரியாத பொருள் நிறைய இருக்கிறது என்பது பெரும்பாலோர் கட்சி. அதற்குத்தான் கரும்பொருள் என்று பெயர். பொருளெல்லாம் ஒன்றுமில்லை, ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்பது இன்னொரு கட்சி. இது போதாதென்று பிரபஞ்சம் வரவர வேகமாக விரிகிறது. அதற்குக் காரணமாக இருப்பது எதுவோ, அதற்குக் கரும் ஆற்றல் என்று பெயர். இரண்டையும் கழித்தால் நாம் அறிந்த பொருள், நீங்கள், நான், செம்பு, அலுமினியம் எல்லாம் சேர்ந்து, இருபதில் ஒரு பங்குதான் தேறும். மற்றதற்கெல்லாம் பெயர் மட்டும் வைத்திருக்கிறோம்.

நம் கம்பி கேட்ட கேள்வி மிகச் சிறியது. நம் பால்வெளியின் மையத்தில் கரும்பொருள் அடர்ந்து கிடக்கிறது என்றால், அது செம்பையும் அலுமினியத்தையும் ஒரே மாதிரி இழுக்கிறதா? ஒன்றை ஒரு துளி கூடுதலாக இழுத்தாலும் கம்பி திருகும். பூமி சுழல்வதால் அந்தத் திருகல் நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். ஆனால் அந்த நாள் கடிகார நாள் அல்ல. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு சுற்று முடிக்க இருபத்துநான்கு மணி நேரத்துக்கு நான்கு நிமிடம் குறைவாகவே ஆகிறது. ஆகவே வானத்திலிருந்து வரும் திருகல், கடிகாரப்படி ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தி வரும். வெயில், வண்டிப் போக்குவரத்து, மனிதர்கள் நடமாட்டம் இவற்றால் வரும் திருகல் கடிகாரத்தை ஒட்டியே நிற்கும். எங்களிடம் இருந்த சல்லடை இந்த நான்கு நிமிடம்தான். அதை நான் முழுதாக நம்பினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு, பிப்ரவரி மாதத்தில் திருகல் வந்தது.

கண்டுபிடித்தவள் ரேகா. என்னிடம் ஆராய்ச்சி செய்த கடைசி மாணவி. அப்பா கட்டட வேலைக்கு தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிவிட்டவர். ரேகாவுக்குத் தமிழைவிடக் கன்னடம் சரளம். என்னிடம் தமிழில் ஆரம்பித்து, வேகம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். காலை பஸ்ஸில் வந்து இறங்கி நேராக அடித்தளத்துக்குப் போய்விடுவாள். அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிய ஆறு மாதம் இருந்தது. ஆய்வேட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. "தேடினோம், கிடைக்கவில்லை" என்பதை எத்தனை பக்கம் எழுதுவது?

ஒருநாள் என் மேசையில் ஒரு வரைபடத்தை வைத்தாள். "மேம், பிப்ரவரி முதல் வாரம் மத்யானம் ஒரு மணிக்கு வருது. ரெண்டாவது வாரம் பன்னெண்டரை. மூணாவது வாரம் பன்னெண்டு. கம்மி ஆய்த்தா இருக்கு, அல்வா?" குறைந்துகொண்டே வருகிறது, இல்லையா என்று கேட்டாள்.

தினம் நான்கு நிமிடம் என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ அரை மணி. தாளின் ஓரத்தில் இரண்டு முறை வகுத்துப் பார்த்தேன். அவளிடம் மட்டும், "இன்னும் ரெண்டு மாசம் பார்க்கலாம்" என்றேன். பார்த்தோம். மார்ச்சில் பதினொன்று, பத்தரை, பத்து. ஏப்ரலில் ஒன்பது, எட்டு. நட்சத்திரங்கள் எவ்வளவு முந்துகின்றனவோ அவ்வளவு முந்தியது.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. இதுதான் நான் செய்த முதல் தவறு, கவனியுங்கள். பால்வெளி மையத்தின் திசையை வைத்துக் கணக்கிட்டால், திருகல் நாங்கள் பார்த்ததற்கு மூன்று மணி நேரம் முன்னதாக உச்சம் தொட வேண்டும். ரேகா இதைச் சுட்டிக்காட்டினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கரும்பொருள் நாம் நினைக்கிற இடத்திலேயே குவிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம், கொஞ்சம் தள்ளிக்கூட இருக்கலாமே என்றேன். அதற்கு ஆதரவாக மூன்று பக்கம் கணக்கும் போட்டுக் கொடுத்தேன். கணக்கில் பிழை இல்லை. கம்பிக்கும் வானத்துக்கும் தகராறு வந்தபோது நான் கம்பியைச் சந்தேகிக்காமல் பால்வெளியை இடம் மாற்றி வைத்தேன். அன்றைக்கு அது தைரியமான சிந்தனை என்றே எனக்குத் தோன்றியது.

செய்தி துறைத்தலைவர் காதுக்குப் போனது. நல்ல மனிதர், துறையை எப்படியாவது வெளியுலகம் கவனிக்க வேண்டும் என்று துடித்தவர். மே மாதம் ஒரு வியாழக்கிழமை, வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டுக் குழு முன்னாலும் பத்திரிகைக்காரர்கள் முன்னாலும் நான் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு ஆசையும் இல்லை.

அந்த வியாழனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டெல்லா கோபமாக அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள். உள்ளே எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் முருகேசனும் நானும் இருந்தோம். முருகேசன் கொங்கு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துக்காரர், இருபது வருடமாக அந்த உருளையைத் தொட்டுத் துடைத்துப் பராமரித்தவர்.

"அக்கா, உங்க ஆளுங்க மரப்பெட்டியெல்லாம் கொண்டுபோய் எங்க சம்ப் மூடி மேல வெச்சிருக்காங்க. காலையில ஏழு மணிக்குக் கார்ப்பரேஷன்காரன் தண்ணி விட்டுட்டான், மூடியைத் திறந்து பார்க்கக்கூட முடியல. ஸ்வல்ப எடுக்கச் சொல்லுங்க."

சம்ப் என்று அவள் சொன்னது நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை. விடுதியை விரிவாக்கியபோது எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டியது. அது கட்டப்பட்டது எனக்குத் தெரியும். தூசி வருகிறது என்று கடிதம்கூட எழுதினேன். கட்டி முடித்ததும் மறந்துவிட்டேன்.

"எடுத்துடறேனுங்க அக்கா. உங்களுக்கு மத்தியானந்தானுங்களே தண்ணி வரும், ஏழு மணிக்கேவா உடறாங்க?" என்றார் முருகேசன்.

"மத்தியானமா? அதெல்லாம் பிப்ரவரியோட போச்சு. வெயில் காலம், எல்லா ஏரியாவுக்கும் பங்கு போடணும்னு திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை அரை மணி முன்னாடி தள்ளிக்கிட்டே வர்றாங்க. அப்ப ஒரு மணி, இப்ப ஏழு மணி. இப்படியே போனா எப்பதான் எழுந்திருக்கிறது நான்?"

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை அரை மணி. ஏழால் வகுத்தால் நாளுக்கு நான்கு நிமிடம், சில விநாடிகள். பிப்ரவரியில் ஒரு மணி, இன்றைக்கு ஏழு மணி. என் கம்பியும் இன்று ஏழு மணிக்குத்தான் திருகியது.

முருகேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க மேடம், அந்தத் தொட்டி எத்தன லிட்டருங்க?"

"பன்னெண்டாயிரம்" என்றாள் ஸ்டெல்லா.

பன்னிரண்டு டன் தண்ணீர். கம்பி தொங்கும் உயரத்துக்கு நேராக, ஒரு சுவருக்கு அப்பால். தண்ணீருக்கும் ஈர்ப்பு உண்டு. நிலத்தையும் அது அழுத்தும். வானத்தின் மறுகோடியைக் கேட்கக் காது கொடுத்தவள், பக்கத்து வீட்டுத் தொட்டி நிறைவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேனா?

'இருந்திருக்கிறேன்' என்று உறுதியாக எழுத ஆசை. ஆனால் அன்றைக்கு நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. தண்ணீரும் சராசரியாக நாளுக்கு நான்கு நிமிடம் முந்துகிறது, நட்சத்திரங்களும் நான்கு நிமிடம் முந்துகின்றன. தினம் உச்சம் தொடும் நேரமே கால் மணி முன்பின் தள்ளாடும், ஆகவே பன்னிரண்டு வாரத் தரவை எப்படிப் பிழிந்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. திருகல் முழுவதும் தண்ணீராக இருக்கலாம். முழுவதும் வானமாக இருக்கலாம். இரண்டும் கலந்தும் இருக்கலாம். சல்லடை ஓட்டையாகிவிட்டது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

ரேகாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிறகு, "தண்ணியை வேற டைம்ல விட்டுப் பார்க்கலாம் மேம். திருகல் தண்ணி கூடவே நகர்ந்தா தண்ணி. நகராம நின்னா வானம்" என்றாள். எனக்கு முன்னால் அவளுக்குத் தோன்றியது அது.

புதன்கிழமை ஒரு நாள்தான் கையில் இருந்தது. ஸ்டெல்லாவிடம், நாளைக்குக் காலை வால்வை மூடிவிட முடியுமா என்று கேட்டேன்.

"என்னக்கா பேசறீங்க? பரீட்சை நடக்குது. நூத்திருபது பிள்ளைங்க குளிக்காம, பல்லு விளக்காம போவாங்களா?"

"பன்னிரண்டு மணிக்கு டேங்கர் வரும். அதே அளவு தண்ணி. மேல்தொட்டியில காலைக்குப் போதுமான அளவு இருக்குமில்லையா?"

"டேங்கர் வரலைன்னா?"

"அது எம்பொறுப்புங்க. எங்க ஊர்க்காரப் பையன் ஒருத்தன் டேங்கர் ஓட்டறான். வந்துருவானுங்க" என்றார் முருகேசன். ஸ்டெல்லா என்னை நீண்ட நேரம் பார்த்தாள். "உங்களுக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

அன்று மத்தியானம் துறைத்தலைவர் அறைக்குப் போனேன். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "வியாழக்கிழமைக் கூட்டத்தை இனி நிறுத்த முடியாது. குழு கிளம்பிவிட்டது. 'இருக்கலாம்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'இருக்கலாம்' என்பதில் என்ன பொய்?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவரே விரும்ப மாட்டார். அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். "சொல்லிவிடு. தப்பாக இருந்தால் மற்றவர்கள் கண்டுபிடிப்பார்கள், அதற்குத்தானே அவர்கள் இருக்கிறார்கள்" என்றார். நான் நன்றி சொல்லி வைக்கப்போகும்போது, "இரு, இரு" என்றார். "நான் உன் இடத்தில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் ஏன் என்று கேட்காதே. எனக்குப் பயமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்." எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆசானிடம் கேட்டால் தெளிவு வரும் என்று நீங்கள் நினைத்தால், எல்லா நாளும் வராது.

புதன்கிழமை காலை ஆறரைக்கே நாங்கள் மூவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். வால்வு மூடியிருந்தது. ஏழு மணி ஆனது. கோடு லேசாக மேலேறியது.

"பாருங்க மேம்!" ரேகா என் கையைப் பிடித்துவிட்டாள். "தண்ணியே இல்ல, ஆனாலும் வருது."

வந்தது உண்மை. ஆனால் வழக்கமான உயரம் இல்லை. மூன்றில் ஒரு பங்குதான். ஒரு நாள் தரவில் இவ்வளவு சின்ன மேடு நிஜமா, இரைச்சலா என்று எந்தக் கணக்கும் சொல்லாது. பன்னிரண்டு மணிக்கு டேங்கர் வந்தது. முருகேசனின் ஊர்க்காரர் குழாயை இறக்கினார். தொட்டி நிறைய நிறையக் கோடு ஏறிக்கொண்டே போனது. பெரிய மேடு. மூன்றில் இரண்டு பங்கு என்று சொல்லலாம்.

முருகேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தண்ணிதானுங்க மேடம்."

"அப்ப ஏழு மணிக்கு வந்தது?" என்றாள் ரேகா.

"அதென்னமோ தெரியலீங்க."

எனக்கும் தெரியவில்லை. இரண்டு மேடுகள் கொண்ட அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எதிர்பார்த்த இரண்டு பதில்களில் ஒன்று வந்திருந்தால் பரவாயில்லை. இரண்டும் வந்திருந்தன.

வியாழக்கிழமை காலை பத்து மணி. முன்வரிசையில் குழுவினர் ஐந்து பேர், பின்னால் பத்திரிகைக்காரர்கள், ஓரத்தில் மாணவர்கள். ரேகா இரண்டாவது வரிசையில் இருந்தாள். புதுப்புடவை கட்டியிருந்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அவள் அப்பாவும் வந்திருந்தார். கடைசி வரிசையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவரை நான் எதிர்பார்க்கவில்லை.

என் முன்னால் இரண்டு வழிகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு மேடை ஏறினேன். 'இருக்கலாம்' என்று சொல்வது ஒன்று. 'இல்லை' என்று சொல்வது மற்றொன்று. ஒலிவாங்கியைப் பிடித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது மார்ச் மாதம் போட்ட அந்த மூன்று பக்கக் கணக்குதான். பால்வெளியையே நகர்த்தி வைத்த கணக்கு. வெட்கம் காதுவரை சுட்டது.

"எங்களிடம் எதுவும் இல்லை" என்றேன். "நாங்கள் பார்த்தது பக்கத்து விடுதியின் தண்ணீர்த் தொட்டியை."

பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்னே பரவியது. தொட்டியையும் டேங்கரையும் பற்றி விளக்கினேன். பெரிய மேட்டைக் காட்டினேன். ஏழு மணி மேட்டை இரைச்சல் என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போனேன். குழுவில் மூத்தவர் எழுந்து என் நேர்மையைப் பாராட்டினார். கை தட்டினார்கள். துறைத்தலைவர் கை தட்டவில்லை. ரேகாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் அப்பா எழுந்து, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மகளைத் தேடி வெளியே போனார்.

மறுநாள் செய்தித்தாளில் விடுதித் தொட்டி ஒரு நகைச்சுவைத் துணுக்காக வந்தது. ஒரு வாரம் கழித்து ரேகா என் அறைக்கு வந்தாள்.

"மூணுல ரெண்டு பங்கு தண்ணி மேம். ஒத்துக்கறேன். மிச்சம் ஒரு பங்கு?"

"ஒரே நாள் தரவு ரேகா. அதை வெச்சு என்ன சொல்ல முடியும்?"

"ஒண்ணும் சொல்ல முடியாது. அதைத்தானே சொல்லியிருக்கணும்? நீங்க 'எதுவும் இல்ல'ன்னு சொன்னீங்க. அதுக்கு மட்டும் நம்மகிட்ட தரவு இருந்ததா?"

நான் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினேன்.

"தண்ணியைப் பார்த்து உங்களுக்கு வெட்கமாயிடுச்சு. அந்த வெட்கத்துல மிச்சத்தையும் தண்ணியோட கொட்டிட்டீங்க." கன்னடத்துக்குத் தாவாமல், நிதானமான தமிழில் சொன்னாள். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அவள் ஆய்வேட்டை முடித்தாள். 'தேடினோம், கிடைக்கவில்லை' என்றுதான் எழுதினாள், நான் சொன்னபடி. பிறகு வடக்கே ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூட வரவில்லை. மழைக்காலத்தில் விடுதிக்குத் தண்ணீர் மறுபடி மத்தியானத்துக்கு மாறியது. நான் கம்பியைத் தொடர்ந்து பார்த்தேன். ஏழு மணி மேட்டின் மிச்சம், நாளுக்கு நான்கு நிமிடம் முந்தியபடி, சில வாரம் இருப்பதுபோல் தெரியும், சில வாரம் தெரியாது. முழுதாக மறையவும் இல்லை, வளரவும் இல்லை. அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கை தட்டல் வாங்கிய பிறகு போய், "இல்லை, அதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது" என்று சொல்ல நாக்கு வரவில்லை.

உங்களிடம் இதைத்தான் சொல்ல நினைத்தேன். முதல் தவறு எல்லாருக்கும் புரியும்: வேண்டியது கிடைத்தவுடன் வேண்டாததைக் கணக்குப் போட்டு ஓரம் தள்ளினேன். இரண்டாவது தவறுக்கு எனக்குப் பாராட்டு கிடைத்தது. அதனால் அதைத் தவறு என்று கண்டுகொள்ளவே எனக்கு வருடக்கணக்கில் ஆனது. தாழ்மையாகப் பேசினாலும் அறிந்ததற்கு மேலே பேசிவிட முடியும். அன்று மேடையில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அது ஏன் என் கண்ணில் படவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். நம் துறையே தெரியாததற்குப் பெயர் வைத்துப் பிழைக்கும் துறை. அதில் அதுவரை இருபத்தேழு வருடம் இருந்தவளுக்கு, ஒரு கூட்டத்தின் முன்னால் 'தெரியவில்லை' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை.

ஒருவேளை நான் செய்ததே சரியோ என்னவோ. 'இருக்கலாம்' என்று சொல்லியிருந்தால் செய்தித்தாள் அந்த வார்த்தையை வெட்டியிருக்கும். 'தெரியவில்லை' என்றிருந்தால் அதை 'கிடைத்துவிட்டது' என்று திருத்தியிருப்பார்கள். அப்படியும் தோன்றுகிறது. சொன்னேனே, காலையில் ஒரு பதில்.

ஓய்வு பெற்று இரண்டு மாதம் கழித்து, போன மாதம் ஒரு மத்தியானம் கைபேசி அடித்தது. ரேகா. குரல் மாறவில்லை.

"மேம், பழைய தரவு முழுசும் எனக்கு வேணும். தொட்டியில மணிக்கு மணி எவ்வளவு தண்ணி இருந்ததுன்னு ஸ்டெல்லா ஆன்ட்டி நோட்ல எழுதி வெச்சிருக்காங்களாம். இப்பதான் பேசினேன். தொட்டியைச் சரியா கணக்குல எடுத்துக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பார்க்கணும்."

அன்றே அனுப்பினேன். மூன்று வாரத்தில் அவள் எழுதிய கட்டுரையின் வரைவு வந்தது. நான் படித்து முடிப்பதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"மூணுல ஒண்ணு இல்ல மேம், ஆறுல ஒண்ணுக்குக் குறைஞ்சிடுச்சு. தொட்டியைச் சுத்தி மண்ணுல ஊறி நிக்கிற தண்ணி கொஞ்சம் இருந்திருக்கு, அது மறுநாள் வரைக்கும் இழுத்திருக்கு. நாம அதை யோசிக்கவே இல்ல."

"அப்ப அந்த ஆறுல ஒண்ணும் மண்ணுல ஊறினதுதானா?"

"இருக்கலாம்."

"வானமா இருக்குமோ?"

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. தெரியாது என்பதை அவள் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வாள். "கொத்தில்லா மேம்" என்றாள். பிறகு தயங்கி, "நீங்க போட்ட அந்த மூணு பக்கக் கணக்கையும் பின்னிணைப்பா சேர்த்திருக்கேன். எங்க தப்பு பண்ணினோம்னு தெரியணும் அல்வா? வேண்டாம்னா எடுத்துடறேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "இருக்கட்டும்" என்றேன்.

கட்டுரையில் அவள் பெயருக்கு அடுத்து என் பெயர் இருக்கிறது. நேற்று ஒப்புதல் அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை முழுக்கப் படித்தேன். பன்னிரண்டு பக்கத்தில் நான்கு இடங்களில் 'இதற்கான காரணம் எங்களுக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறாள். ஒன்றைக்கூட நான் அடிக்கவில்லை.